நோன்பும் சர்க்கரை மாத்திரையும்
(ரமலானுக்கு முந்தைய ஜமாஅத் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

சென்ற ரமலானில் நம் மல்லசமுத்திரத்துப் பெரியவர் ஒருவர் அஸர் தொழுகைக்கு வரும் வழியில் மயங்கி விழுந்தார். ஸஹரில் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டு நோன்பு வைத்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். இவ்வாண்டு யாருக்கும் அப்படி நேரக்கூடாது என்றுதான் இதைப் பேசுகிறோம்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லும் செலவழிக்கும் சில்லறைக் காசு, ஏடிபி என்னும் மூலக்கூறு. 1929-இல் அதைத் தசையில் கண்டறிந்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டு சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். (கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்தவர் அவர்.) இந்தக் காசின் கையிருப்பு எப்போதும் கொஞ்சமே. செலவாக ஆக, செல் அதை மறுபடி செய்துகொண்டே இருக்க வேண்டும்.

நோன்பில் உணவு வராதபோது இன்சுலின் குறைகிறது. உடனே கல்லீரல் தன் சேமிப்புச் சர்க்கரையை வெளியே விடுகிறது. பிறகு கொழுப்பு கரைகிறது. செல்லில் ஏடிபி குறைந்தால் ஏஎம்பிகே என்ற நொதி விழித்து, வளர்ச்சி வேலைகளைக் குறைத்து, எரிபொருளை எரிக்கச் செய்கிறது. பட்டினியில் செல் தன் பழுதான பாகங்களைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்துவதும் உண்டு. 2016-இல் ஜப்பானின் ஒசுமி நோபல் பரிசு பெற்றது இந்த ஆய்வுக்கே. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை. நோன்புக்கு நோபல் பரிசு என்று வாட்ஸ்அப்பில் வருவது சரியல்ல. நம் நோன்புக்கு அந்தச் சான்றிதழ் தேவையுமில்லை.

இன்சுலின் ஊசிக்கும், இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரைகளுக்கும் நாம் நோன்பிருப்பது தெரியாது. சேமிப்பறையைப் பூட்டியே வைத்திருக்கும். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையோ இறங்கிக்கொண்டே போகும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம், பிறகு மயக்கம்.

ஆகவே ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் போய் மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக் கேளுங்கள். நீங்களாக மாற்றாதீர்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ மஃரிபுக்காகக் காத்திருக்காமல் நோன்பை விட்டுவிடுங்கள். அல்பகரா 184, 185-ஆம் வசனங்களில் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. பிறகு களாச் செய்யலாம். அதற்கும் இயலாத நாள்பட்ட நோயாளி ஃபித்யா கொடுக்கலாம்.

அந்தப் பெரியவர் எங்களிடம் சொன்னது: "வைக்காட்டி நாலு பேர் கேப்பாங்களேன்னுதான் வச்சேன்." அந்த நாலு பேரில் நாமும் இருந்தோமோ என்று கேட்டுக்கொள்கிறோம்.

இன்ஷா அல்லாஹ், ரமலான் முழுவதும் லுஹர் முதல் மஃரிப் வரை நம் அலுவலகத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கும். கட்டணம் இல்லை.