செந்தூரப்பூவுக்கு முந்திய கதை



கங்கை அமரனைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்குப் பத்து நிமிடமா? மைக்கைப் பிடுங்கினால்தான் இறங்குவேன்!

1977இல் '16 வயதினிலே' வந்தது. 'செந்தூரப்பூவே' பாடிய ஜானகி அம்மாவுக்குத் தேசிய விருது. பாட்டை எழுதியவர் யார்? நம்ம பண்ணைப்புரத்து அமர்சிங், அதாவது கங்கை அமரன்! இன்னும் பலமாகத் தட்டுங்கள், சென்னையில் சில பேர் காதில் விழட்டும். அண்ணன் இளையராஜா இசையமைப்பாளர், அதனால் தம்பிக்குப் பாட்டு வந்ததாம். சொல்கிறார்கள் அந்த மேதாவிகள்! அய்யா, அண்ணன் வாய்ப்புத் தரலாம். வார்த்தையையும் சேர்த்தா தருவார்?

வார்த்தை வந்தது மூத்த அண்ணனிடமிருந்து. பாவலர் வரதராஜன்! கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். பாஸ்கர், ராசய்யா, அமர் என்று தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 'பாவலர் பிரதர்ஸ்'. எத்தனை மேடை? ஆயிரக்கணக்கில் என்பார்கள், நான் அதற்கு மேலேயே சொல்வேன். ராசய்யா, அதாவது நம்ம இளையராஜா, குரல் உடைவதற்கு முன்னால் பெண் குரலில் பாடுவார். கூட்டம் சொக்கிப்போகும்.

அமரன் அங்கே என்ன படித்தார்? ஊரே முணுமுணுக்கிற சினிமா மெட்டு. அதில் கூலியையும் விலைவாசியையும் ஏற்ற வேண்டும். 'தானானா' என்று மெட்டு நீள்கிற இடத்தில் 'விலைவாசி' நொண்டும். 'ஏழைக்கே' என்று போடுங்கள், ஜம்மென்று உட்காரும். வார்த்தை சறுக்கினால் மணலில் உட்கார்ந்திருப்பவன் எழுந்து கடலைக்காரனிடம் போய்விடுவான். எந்தக் கல்லூரியில் இப்படிப் பரீட்சை வைக்கிறார்கள்?

பாவலர் சாதாரண ஆளா? 1958, கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தல். மலைமேல் தேயிலைத் தோட்டம், தொழிலாளி பெரும்பாலும் தமிழன். முதல்வர் இ.எம்.எஸ்ஸின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கே சோதனை. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றி பாவலர் பாட்டால் வந்தது என்று இ.எம்.எஸ்ஸே சொன்னதாக இந்தப் பக்கம் இன்றும் பேசுவார்கள்.

அந்த மனிதர் 1976இல் வந்த இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி'யைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே போய்விட்டார். வரலாறு எழுதுகிற புண்ணியவான்கள் 1976இல்தானே பிள்ளையார் சுழி போடுகிறார்கள்! அதற்கு முன்னால் நம்ம ஊர்ப் புழுதியில் தொண்டை கட்டப் பாடியதெல்லாம் என்ன, ஒத்திகையா?

தலைவர் மணியடிக்கிறார். அடிக்கட்டும். இந்த விழா அழைப்பிதழைப் பாருங்கள். எம்.எல்.ஏ. பெயர் இருக்கிறது, பந்தல்காரர் பெயர்கூட இருக்கிறது. பாவலர் பெயர் எங்கே? அடுத்த வருஷமும் போடாவிட்டால் நான் மேடை ஏறமாட்டேன். கீழே உட்கார்ந்து கூச்சல் போடுவேன்!