மழலையர் கணக்கும் வாசற்கோலமும்

 

பள்ளியில் சேருமுன் உள்ள மழலையர்க்குக் கணக்கறிவு ஊட்டுவது எவ்வாறு என்று பேசுமாறு இக்கழகம் நம்மைப் பணித்துள்ளது. வெள்ளி விழா மேடைக்கு இது சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும் நம் பிள்ளைகள் பலர் பின்னாளில் இடறி விழும் இடம் கணக்கே என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

கூடலூர் முதல் சின்னமனூர் வரை நம் தாய்மார்களுள் பலர் விடியற்காலையிலேயே ஜீப்பில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலை கடந்து செல்கின்றனர். ஏனையோர்க்கு வயலும் திராட்சைத் தோட்டமும் உண்டு. அவர்தம் பிள்ளைகள் அங்கன்வாடியிலோ பாட்டியின் மடியிலோ வளர்ந்து முதல் வகுப்பிற்கு வருகின்றனர். ஒன்று முதல் நூறு வரை தங்குதடையின்றி ஒப்பிக்கும் குழந்தை, ஆறு புளியங்கொட்டை கொண்டுவரச் சொன்னால் கை நிறைய அள்ளி வருகிறது. எண்ணின் பெயர் நாவில் இருக்கிறது. எண் இன்னும் மனத்தில் ஏறவில்லை.

சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே, குழந்தையிடம் எண்ணறிவு உருவாகும் வகையை ஆராய்ந்து 1941 இல் நூல் வெளியிட்டார். நெருக்கி வைத்த விதைகளைச் சற்றே பரப்பி வைத்தால், அவை கூடிவிட்டன என்றே சிறு குழந்தை கருதும். ஒன்றுக்கு ஒன்று பொருத்துதல், வகை பிரித்தல், சிறியது பெரியது என வரிசையாக்குதல் ஆகியவற்றைக் கை பழகப் பழகவே அம்மயக்கம் தெளியும்.

அப்பழக்கத்திற்கு ஏற்ற கலை நம் வாசலிலேயே இருக்கிறது. மூன்று புள்ளி இடுக்குப்புள்ளிக் கோலத்தைக் காணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என ஏறி, இரண்டு, ஒன்று என இறங்குகிறது. மொத்தம் 9 புள்ளிகள். ஐந்து புள்ளி வைத்தால் 25. மூன்று மூன்று ஒன்பது, ஐயைந்து இருபத்தைந்து என்னும் வாய்பாடு அங்கே கோலமாகக் கிடக்கிறது. மழலைக்கு வாய்பாடு வேண்டா. ஏறும்போது ஒன்று கூடுவதையும் இறங்கும்போது ஒன்று குறைவதையும் அதன் விரல் உணர்ந்தால் போதும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவர்தம் குழுவினரும் கோலத்தின் கணித இலக்கணத்தை ஆராய்ந்து 1974 இல் கட்டுரை வெளியிட்டனர். "எங்களுக்கு என்ன கணக்குத் தெரியும்?" என்று கேட்கும் தாய், அறிஞர் ஆராயும் கணக்கையே நாள்தோறும் வாசலில் இடுகிறாள்.

கோலத்தோடு நில்லாது, களிமண்ணை உருட்டி ஐந்து உருண்டை செய்யட்டும். ஒவ்வோர் உருண்டைக்கும் ஒரு தட்டு வைக்கட்டும். உதிர்ந்த இலைகளைச் சிறிதும் பெரிதுமாக ஒட்டட்டும். தென்னங்கீற்றை மேலொன்று கீழொன்றாக முடையட்டும்; அடுத்து வருவது எது என்று கேளுங்கள். விதைகளை மூக்கிலும் வாயிலும் இடும் பருவமாதலின், பெரியவர் கண்ணெதிரிலேயே இவை நடைபெறல் வேண்டும்.

இது ஏழைக்கென்று ஒதுக்கிய மாற்றுக் குறைவான கல்வியன்று. 1837 இல் செருமனியில் குழந்தைப் பள்ளி கண்ட ஃபிரோபல், காகிதம் மடித்தலையும் பின்னலையும் பாடமாக்கினார். 1945 இல் மராட்டிய நாட்டுப் போர்டி கிராமத்தில் பணி தொடங்கிய தாராபாய் மோடக், ஊரில் கிடைக்கும் பொருள்களையே கற்பிக்கும் கருவிகளாக்கினார். அங்கன்வாடி என்ற சொல்லே முற்றத்தைச் சுட்டுவதாகும். 1975 அக்டோபர் 2 இல் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கிய திட்டம் அப்பெயரையே தாங்கி வளர்ந்தது.

பெற்றோர்களே, மூன்று வயதுப் பிள்ளையின் நோட்டில் எண்கள் நிரம்பவில்லையே என்று வருந்திக் கடன் வாங்கிக் கட்டணப் பள்ளியைத் தேடாதீர்கள். அங்கன்வாடிக்கு நாள் தவறாமல் அனுப்புங்கள். மாலையில் கோலப்பொடியில் ஒரு பிடியைக் குழந்தையின் கையிலும் கொடுங்கள், ஆண்பிள்ளைக்கும் கொடுங்கள். பணியாளர்களே, சுவரில் தொங்கும் எண் அட்டையைவிடத் தரையில் குழந்தை இடும் புள்ளிகளுக்கு மிகுந்த நேரம் ஒதுக்குங்கள். கழகத்தார், ஊர்தோறும் களிமண்ணும் வண்ணப்பொடியும் தடையின்றிக் கிடைக்க ஆவன செய்தல் வேண்டும்.

கணக்கு நமக்கு வாராது என்று நம் முன்னோரை நம்பவைத்த காலம் ஒன்றிருந்தது. கூலியும் கடனும் பிறர் எழுதிய ஏட்டில் இருந்தன. கைந்நாட்டு மட்டுமே நமதாயிருந்தது. அந்த ஏட்டைத் தானே படித்துச் சரிபார்க்கும் தலைமுறைக்கு அடித்தளம் ஐந்து வயதிற்குள் இடப்படுகிறது. அதனை இன்றே இடுவோம்.