தேய்மானக் கணக்கும் ரேடியோகிராபி பரீட்சையும்

(நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)

வீட்டுப் பிள்ளைகள் ஏதாவது பரீட்சைக்குப் படிக்கும்போது, "அந்தப் பாடம் நமக்கென்ன தெரியும்" என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். நானும் அப்படி இருந்தவன்தான்.

என் தங்கை மகன் திருச்சி பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வெல்டிங்கின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று காமா கதிரால் படம் எடுத்துப் பார்க்கும் வேலை. அதற்கு ரேடியோகிராபி லெவல் 2 சான்றிதழ் வேண்டும். பொது, சிறப்பு, செய்முறை என்று மூன்று பகுதிகள். சராசரி 80 வர வேண்டும். எந்தப் பகுதியிலும் 70-க்குக் குறையக் கூடாது. அவன் வாங்கியது 68, 84, 90. சராசரி 80-ஐத் தாண்டியும் பெயில்! பொதுத் தாளில் கணக்குகள் காலை வாரிவிட்டன.

மறுபடி எழுதுவதற்கு முன் 20 நாள் என் வீட்டில் தங்கிப் படித்தான். "மாமா, நீங்க பி.காம். இது பிசிக்ஸ்" என்றான். "கேள்வியைப் படிடா" என்றேன்.

இரிடியம்-192 என்ற கதிர் மூலம் சுமார் 74 நாளில் பாதியாகிவிடும். இன்று 40 கியூரி என்றால் 37 நாள் கழித்து எவ்வளவு? அவன் 30 என்று எழுதியிருந்தான். 74 நாளில் 20 குறைகிறது, அதில் பாதி 10 என்ற கணக்கு. எனக்குச் சட்டென்று புரிந்தது. இவன் நேர்க்கோட்டு முறையில் தேய்மானம் போட்டிருக்கிறான்; போட வேண்டியது குறைந்து செல் மதிப்பு முறை. மீதி இருப்பதில்தான் ஒவ்வொரு நாளும் அதே சதவீதம் கழியும். சரியான விடை சுமார் 28.3.

அடுத்தது தூரம். 10 மீட்டரில் மணிக்கு 400 மைக்ரோசீவர்ட் என்றால் 5 மீட்டரில்? 800 என்றான். தூரம் பாதியானால் கதிர் நான்கு மடங்காகும், விடை 1,600. "இது தப்பினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ஆளை உள்ளே விடாமல் கயிறு கட்டுவோம், மாமா. அந்தக் கயிறு தப்பான இடத்தில் நிற்கும்" என்றான். கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத கதிர் அது. அன்றிலிருந்து அவன் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கவில்லை.

தினமும் காலையில் ஐந்து கணக்கு, கையால். போடுவதற்கு முன்பே விடை ஏறுமா, இறங்குமா என்று சொல்ல வேண்டும். தப்பினால், ஏன் தப்பியது என்று தனி நோட்டில் ஒரு வரி. பொதுத் தாளில் இந்த முறை 86.

நான் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத இடத்தில் "ஏன்?" என்று கேட்டேன். அவ்வளவே. நம் குடியிருப்பில் ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை படிப்பது என்ன பாடமாக இருந்தாலும், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.