சேறு கட்டிய அணை

அமெரிக்காவில் கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. கொலராடோ மாநிலத்தில் ஹின்ஸ்டேல் என்று ஒரு கவுண்டி. பரப்பு 2,900 சதுர கிலோமீட்டர் இருக்கும். 2020 கணக்கெடுப்பில் ஆட்கள் 788 பேர். கொஞ்சம் பெரிய கல்யாண மண்டபமாகப் பார்த்தால், மொத்தக் கவுண்டிக்கும் இரண்டே பந்தியில் சாப்பாடு போட்டுவிடலாம்.

கன்னிசன் ஊரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் போல மலைப்பாதையில் வந்தால் தலைநகரான லேக் சிட்டி. கவுண்டியின் பாதிப்பேருக்கு மேல் இங்கேதான் குடியிருக்கிறார்கள். உயரம் 8,600 அடிக்கு மேல். சுற்றிலும் சான் வான் மலைகள். யூட் பழங்குடியினரின் மண் இது. உள்ளே வெள்ளி இருக்கிறது என்று தெரிந்ததும், 1873இல் ஓர் ஒப்பந்தம் போட்டு அரசாங்கம் வாங்கிக்கொண்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் கவுண்டி பிறந்தது. 1889இல் ரயிலே வந்தது. நான்கே வருஷம், வெள்ளி விலை விழுந்தது. வந்தவர்கள் மூட்டை கட்டினார்கள்.

போகாமல் நிற்பது நீதிமன்றம். 1877இல் கட்டிய இரண்டு மாடி மரக் கட்டடம். காட்சிப் பொருளாகக் கயிறு கட்டி வைத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள், இன்றைக்கும் அங்கே வழக்கு நடக்கிறது. கட்டிய வருஷமே பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. ஆண்டனி இந்த ஊருக்கு வந்து பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பேசினார்.

ஆனால் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறொரு ஆள். கவுண்டி பிறந்த அதே பிப்ரவரியில் ஆல்ஃபெர்ட் பேக்கர் என்பவரும் ஐந்து பேரும் தங்கம் தேடிப் பனிக்குள் கிளம்பினார்கள். ஏப்ரலில் பேக்கர் மட்டும் வெளியே வந்தார். மற்றவர்களைத் தின்று பிழைத்ததை அவரே ஒப்புக்கொண்டார். 1883இல் இந்த நீதிமன்ற மாடியில்தான் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணையில் நாற்பது வருஷம் சிறை, 1901இல் பரோலில் வெளியே வந்துவிட்டார். கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் உணவகத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, சாப்பிடவும் தயக்கமாக இருக்கிறது.

அந்த ஐவரின் கல்லறையைத் தாண்டித்தான் ஏரிக்குப் போக வேண்டும். சான் கிறிஸ்டோபல், கொலராடோவின் இயற்கை ஏரிகளில் இரண்டாவது பெரியது. அதற்கு அணை கட்டியது சேறு. சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து எரிமலை மண் ஈரத்தில் குழைந்து, கூழ்போல் இறங்கி வந்து ஆற்றை மறித்துவிட்டது. மஞ்சள் பூத்த அந்தச் சரிவைப் பார்த்த சுரங்கக்காரர்களுக்குத் தாங்கள் குடிக்கும் குழம்பு ஞாபகம் வந்திருக்கிறது. அதன் பெயரையே வைத்தார்கள்: ஸ்லம்கல்லியன்.

அது ஓய்ந்தபாடில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டாவது சேறு ஒன்று பழையதன்மேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. வேகமான இடத்தில் வருஷத்துக்கு இருபது அடி வரை. நின்று பார்த்தால் அசைவு தெரியாது. மரங்களைப் பாருங்கள். பழைய சேற்றில் வளர்ந்தவை நெட்டுக்குத்தாக நிற்கின்றன. பக்கத்திலேயே, நகரும் சேற்றில் ஒன்று கிழக்கே சாய்ந்தால் இன்னொன்று மேற்கே. சிலவற்றின் அடிமரம் படுத்திருக்கிறது. நுனி மட்டும் வளைந்து மேலே வெயிலைப் பார்த்துப் போகிறது.