கஞ்சிக்கு வந்தீர்கள், நன்றி, சாவி எங்கே?

(நெம்மேலியில் நடந்த நல்லிணக்க நோன்பு திறப்புக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் இந்தக் கடற்கரையைப் புகழ்ந்தார்கள். கோவளத்தில் நபித்தோழர் என்று மக்கள் நம்புகிற தமீமுல் அன்சாரி அவர்களின் தர்கா. அதே ஊரில் கார்மேல் மாதா கோயில். அங்கிருந்து தெற்கே வந்தால் திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள். பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று திருவிடந்தையில் மாலை சாத்திவிட்டு, போகிற வழியில் தர்காவிலும் இறங்கி ஃபாத்திஹா ஓதச் சொல்கிற தாய்மார்கள் உண்டு. எல்லாம் உண்மை. எனக்கும் பெருமைதான்.

ஆனால் இந்தப் புகழ்ச்சி எனக்கு அலுத்துவிட்டது. வருஷா வருஷம் ரமலானில் மேடை போடுகிறோம். புதுத் தொப்பி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கட்சித் தலைவர்களே, நீங்கள் வருகிறீர்கள். கஞ்சி குடிக்கிறீர்கள், சமோசா சாப்பிடுகிறீர்கள், கட்டிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொள்கிறீர்கள். அரசாங்கம் பள்ளிவாசலுக்குக் கஞ்சி அரிசி கொடுக்கிறது. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அடுத்த நாள் காலையில் எங்கள் பிள்ளை ஒன்று இதே பகுதியில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறதே, அப்போது இந்த அண்ணன் தம்பி உறவெல்லாம் எங்கே போகிறது? அதைக் கேட்கத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

என் அக்கா மகளும் அவள் மாப்பிள்ளையும் போன வருஷம் நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில் வீடு பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சம்பளத்துக்குக் குறைவில்லை, அட்வான்ஸ் பணம் கையில் தயார். புரோக்கர் போனில் தேனாகப் பேசுவார். வாடகை இவ்வளவு, மெயின்டனன்ஸ் இவ்வளவு, தண்ணி கஷ்டம் கிடையாது, கார் பார்க்கிங் உண்டு. எல்லாம் சொல்லி முடித்து, “பேரு என்னம்மா சொன்னீங்க?” என்பார். பேரைச் சொன்னதும் லைன் ஒரு நிமிஷம் செத்துப்போகும். “ஓனர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேம்மா.” அதோடு சரி. திரும்பக் கூப்பிட்டவர் ஒரே ஒருத்தர். “நமக்கு ஒண்ணும் இல்லம்மா, ஓனருதான் உங்காளுங்க வேணாம்ங்கறாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்றார். அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும். இன்னொரு வீட்டு அம்மா, பால் காய்ச்சுகிற தேதி வரைக்கும் பேசிவிட்டு, ஆதார் அட்டையைப் பார்த்த பிறகு, “மகன் அமெரிக்காவுலேருந்து வர்றான், வீடு எங்களுக்கே தேவைப்படுது” என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த கேட்டில் டு-லெட் பலகை தொங்கியது. பையன் கப்பலில் வந்தான் போலிருக்கிறது.

இது கொஞ்சம் வசதியான வீட்டுக் கதை. புருஷன் சவூதியில், துபாயில் இருக்கிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மாமியாரும் மருமகளும் இரண்டு பிள்ளைகளும். “வீட்டுல ஆம்பளை யாரு?” என்பது முதல் கேள்வி, பேரு இரண்டாவது கேள்வி. இரண்டிலும் அவர்கள் ஃபெயில்.

காரணம் கேட்டால் யாரும் மதம் என்று சொல்லமாட்டார்கள். எல்லோரும் நாகரிகமானவர்கள் ஆயிற்றே! “நாங்க ப்யூர் வெஜ்” என்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர் தன் வீட்டில் அதைக் கேட்கட்டும், சண்டை இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கறி மீன் சாப்பிடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் வஞ்சிரம் வாங்க வரிசையில் நிற்கிறவர், திங்கட்கிழமை நாங்கள் வீடு கேட்டுப் போனால் திடீரென்று வள்ளலார் ஆகிவிடுகிறாரே, எப்படி?

நாம் கூடியிருக்கும் இந்த நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2013-இல் திறந்தது ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் இன்னொன்று, 15 கோடி லிட்டர்.  நெம்மேலி தண்ணீர் தென்சென்னைக்குக் குழாயில் போகிறது. உப்பையே பிரித்தெடுக்கிற ஆலை, குடிக்கிறவன் பேரைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தத் தண்ணீர் ஏறுகிற மாடியில்தான் பேரைப் பார்க்கிறார்கள்.

“என் வீடு, என் இஷ்டம். இதில் சட்டம் எங்கே வந்தது?” என்று கேட்கலாம். சட்டம் வரவில்லை என்பதுதான் என் வழக்கே! அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடையிலும் ஓட்டலிலும் கிணற்றிலும் குளத்திலும் மதத்தையும் சாதியையும் சொல்லி ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கிறது. வாடகை வீட்டை அது பேர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 2005-இல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதி சங்கம் ஒன்றின் வழக்கில், எங்கள் சங்கத்தில் பார்சிகள் மட்டும்தான் என்கிற விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் எழுத்து மூலம் ஒப்பந்தம் போடச் சொல்லியிருக்கிறது, பதிவு செய்யச் சொல்லியிருக்கிறது, அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று கணக்கு சொல்லியிருக்கிறது. சாதி மதம் பார்த்து வீட்டை மறுக்காதே என்று மட்டும் சொல்லவில்லை.

முஸ்லிம்கள் விரும்பிய இடத்தில் வீடு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் முடியவில்லை என்று குறை சொல்கிறார்கள் என்பதை 2006-இல் சச்சார் குழு அறிக்கையிலேயே எழுதியாயிற்று. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு இப்போது ஓட்டு வந்துவிட்டது.

மற்ற நாடுகளைப் பாருங்கள். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4-இல் சுடப்பட்டார். ஒரே வாரத்தில் அமெரிக்கா வீட்டு வாடகையில் நிறவெறியைத் தடுத்துச் சட்டம் போட்டது. அதே வருஷம் பிரிட்டனும் போட்டது. இன்றைக்கு லண்டனில் வீடு எடுத்துத் தங்கியிருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள் அந்த மாதிரிச் சட்டத்தின் நிழலில்தான் இருக்கிறார்கள். சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போய், 1989-இலிருந்து அரசுக் குடியிருப்பில் ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லா இனத்தாரும் கலந்திருக்க வேண்டும் என்று அளவு வைத்தது. அதில் வேறு சிக்கல்கள் உண்டு, வீட்டை விற்கப் போகும்போது தெரியும். ஆனால் கலந்து வாழ்வதை ஓர் அரசாங்கம் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அங்கே இந்த நியாயம் தமிழனுக்கு வேண்டும், இங்கே தமிழ் முஸ்லிமுக்கு வேண்டாமா?

வீடு மறுப்பதால் போவது வீடு மட்டும் இல்லை. எங்கள் வாழ்க்கை மஹல்லாவை, அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பை, சுற்றிக் கட்டப்பட்டது. பிள்ளைக்கு நிக்காஹ் பேசினால் இரண்டு வீட்டு ஜமாஅத்திலிருந்தும் கடிதம் வரவேண்டும், தஃப்தர் என்கிற பதிவேட்டில் பேர் ஏறவேண்டும். பள்ளிவாசல் இல்லாத, தெரிந்தவர் இல்லாத ஏதோ ஓர் அடுக்குமாடியில் இடம் கிடைத்துக் குடியேறினவர்கள் அந்தக் கடிதத்துக்காகச் சொந்த ஊருக்கு அலைகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. மௌத் ஆனால், ஒருவர் இறந்துபோனால், என்ன செய்வது? கீழே கார் நிறுத்தும் இடத்தில் மையித்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டக்கூடாது என்று அசோசியேஷன் சொல்கிறது. லிஃப்டில் உடலை வைக்கிற சந்தூக் பெட்டி நுழையாது. நான்கு மாடி தோளில் இறக்கி, ராயப்பேட்டையிலோ கோவளத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அங்கே போய் நின்றால் நம் ஆட்களே கேட்கிறார்கள்: “நீங்க எந்த மஹல்லா? சந்தா கட்டியிருக்கீங்களா?”

ஆமாம், இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். ஜமாஅத்தார்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்கவேண்டும்.

1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போன அம்பேத்கருக்கு வாடகைக்கு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பேரில் தங்கினார். கண்டுபிடித்துத் தடியோடு வந்து வெளியேறச் சொல்லி மிரட்டினார்கள். ஓர் இந்து நண்பரையும் ஒரு கிறித்தவ நண்பரையும் கேட்டார், இருவருமே இடம் தரவில்லை. நமக்கு நடப்பதைப் போலவே இருக்கிறது என்று தலையாட்டுகிறீர்கள். பொறுங்கள். 1934-இல் அவர் தௌலதாபாத் கோட்டை பார்க்கப் போனார். கூட வந்தவர்களில் சிலர் தூசி படிந்த முகத்தையும் கால்களையும் அங்கிருந்த குளத்து நீரில் கழுவினார்கள். தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் போட்டு ஓடிவந்தவர்கள் முஸ்லிம்கள். மாதம் எது தெரியுமா? இதே ரமலான் மாதம். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அதனால் கேட்கிறேன். நம்மில் எத்தனை பேர் கேளம்பாக்கத்திலும் திருப்போரூரிலும் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம்! காலனியிலிருந்து ஒரு தலித் குடும்பம் வந்து கேட்டால் சாவியைக் கொடுக்கிறோமா? “நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான்” என்று நாமும் புரோக்கரிடம் சொல்லி வைத்திருக்கிறோமே, அது எந்தச் சுன்னத்? தலாக் ஆகி இரண்டு பிள்ளைகளோடு நிற்கிற பெண் வந்தால், “ஆம்பளை துணை இல்லாமலா?” என்று பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லி வீட்டிலேயே கேட்கிறார்களா இல்லையா? ஜமாஅத் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். குடும்பத் தலைவர் பேர் இருக்கும், சந்தா இருக்கும். விதவை பேரில், தனியாக வாழ்கிற பெண் பேரில் எத்தனை பக்கம் இருக்கிறது? தாவூத் ஷரீஃபா கானம் புதுக்கோட்டையில் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்கியபோது நாம் கோபப்பட்டோம். அந்த அம்மாவை அந்த இடத்துக்குத் தள்ளியது யார் என்று நாம் கேட்கவே இல்லை.

ஒரே மொழி பேசினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னவர்கள் தமிழ் பேசுகிற விடுதலைப் புலிகள். வெளியேறியவர்களும் தமிழ்தான் பேசினார்கள். வட மாகாணம் முழுவதிலிருந்தும் எழுபதாயிரம் பேருக்கு மேல் சாவியைப் போட்டுவிட்டுப் போனார்கள். நிறையப் பேர் புத்தளத்தில் கூடாரத்தில் கிடந்தார்கள். அதைக் குறித்து இங்கே எந்த மேடையிலும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை.

“நீங்களே ஒரே இடத்தில் சேர்ந்து சேர்ந்து குடியிருக்கிறீர்களே” என்கிறார்கள். திருவல்லிக்கேணியும் ராயப்பேட்டையும் நவாப் காலத்திலிருந்து வந்த கதை, விட்டுவிடுங்கள். மும்பைக்குப் பக்கத்தில் மும்ப்ரா பெருத்தது 1992-93 கலவரத்துக்குப் பிறகு. அகமதாபாத் ஜுஹாபுரா ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் பெருத்தது. வீட்டுக் கதவை அடைத்துவிட்டு, “ஏன் தெருவில் கும்பலாக நிற்கிறாய்?” என்று கேட்பது என்ன நியாயம்? தமிழ்நாடு அந்த நிலைக்குப் போகவில்லை, போகக்கூடாது. 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாநிலத்தில் நாங்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட முழுசாக இல்லை. ஆறு பேருக்கு இடம் கொடுக்க முடியாத அளவுக்கு இந்தப் பகுதியில் இடம் குறைந்துவிட்டதா? நீங்களே வந்த வழியில் எண்ணிப் பார்த்திருப்பீர்கள், எத்தனை காலி ஃபிளாட், எத்தனை டு-லெட் பலகை!

நல்லிணக்கம் பற்றி எங்களிடம் இனி சான்றிதழ் கேட்காதீர்கள். நாட்டுப்பற்று உண்டா, யாரோடு பழகுகிறாய், பிள்ளையை எங்கே படிக்க வைக்கிறாய் என்று பரீட்சை வைக்காதீர்கள். வாடகை தேதிக்குக் கட்டுகிறோமா, சுவரில் ஆணி அடிக்கிறோமா என்று பாருங்கள். அது நியாயமான கேள்வி.

இந்தக் கூட்டத்தின் சார்பில் ஒரே ஒரு தீர்மானம். 2017 வாடகைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கவேண்டும்: சாதி, மதம், பால், திருமண நிலை காரணமாக வீட்டை வாடகைக்கு மறுப்பதும், அப்படி விளம்பரம் செய்வதும், புரோக்கர் மூலம் சொல்லி அனுப்புவதும் குற்றம்; புகாரை விசாரிக்க வாடகை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உரிமையாளர் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குள் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுவதற்கு விலக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. முஸ்லிம் உரிமையாளருக்கும் இதே சட்டம், இதே தண்டனை.

தாள் மேசையில் இருக்கிறது. நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. முன்வரிசையில் இருக்கும் கட்சிக்காரர்கள் முதலில் வாருங்கள், அடுத்த சட்டமன்றக் கூட்டத்தில் இதைக் கேட்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்தது ஜமாஅத் நிர்வாகிகள். அதற்கப்புறம் வீடு வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் எல்லோரும், பேருக்குப் பக்கத்தில் வீடு எந்தத் தெருவில் என்றும் எழுதவேண்டும். என் அக்கா மகள் பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் வீடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.