ஒரு வளையத்தைத் தேடி



மும்பை மாநகரின் காட்கோபரில் வாழும் நம்மிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. சென்ற மழைக்காலத்தின் இறுதியில், வேகத்தைத் தணிக்கும்போதெல்லாம் அது 'டப், டப்' என்று வெடிக்கத் தொடங்கிற்று. வண்டிக்கு வயதாயிற்று என்றெண்ணி வாளாவிருந்தோம்.

நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மராட்டிய மூதாட்டியார் ஒருவர் வசிக்கிறார். அவருடைய சன்னலை ஒட்டியே வண்டி நிற்கும். காலையில் நாம் அதைக் கிளப்பியதும், அவர் கையை வீசி, "தூர், தூர்" என்பார். இந்தியில் அச்சொல்லுக்குத் தொலைவு என்பது பொருள். வெளியூர்க்காரரைத் தள்ளிப் போகச் சொல்கிறார் என்று கொண்டு, ஒரு மாத காலம் அவர் முகத்தை ஏறிட்டுப் பாராமலே சென்றோம். பிறகு அலுவலக நண்பர் ஒருவர் விளக்கினார்: மராட்டியில் மூச்சை அழுத்திச் சொல்லும் 'தூர்' என்பது புகையைக் குறிக்குமாம்! நம் தமிழ்ச் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் வெட்கித் தலைகுனிந்தோம்.

அன்று மாலையே வண்டியைக் குனிந்து பார்த்தோம். இயந்திரமும் சைலன்சரின் வளைந்த குழாயும் சேரும் இடத்தில் கரி படிந்திருந்தது. அவ்விடத்தை அடைப்பது ஒரு சிறு உலோக வளையம். அது நைந்தால் புகை இடுக்கின் வழியே கசியும். வேகம் தணிகையில் வெளிக்காற்று உட்புகுந்து, எரியாது எஞ்சிய பெட்ரோலைக் குழாயிலேயே எரியச் செய்யும். வெடியோசைக்குக் காரணம் அதுவே. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் உண்டு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. ஆகவே அம்மூதாட்டியாரின் முறையீடு வெறும் முணுமுணுப்பன்று.

வளையத்தைத் தேடிப் புறப்பட்டோம். நிலையத்தின் அருகிலிருந்த முதற் கடையில், முழுச் சைலன்சரையே மாற்றச் சொன்னார்கள். இரண்டாம் கடையிலோ, பேரொலி எழுப்பும் திறந்த குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். ஒலியைத் தணிக்கும் சைலன்சர் வண்டியில் இருந்தே தீரவேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. எனவே வணங்கி விடைபெற்றோம். விதியில்லாவிடினும் அதை வாங்கியிருக்க மாட்டோம், சன்னல் அருகிலிருக்கிறதே!

மூன்றாவது, சந்துக்குள் ஒரு குஜராத்திப் பெரியவரின் சிறு கடை. நாம் அறிந்த இலக்கணச் சுத்தமான இந்தியில் நெடுநேரம் வருணித்தோம். அவர் பொறுமையாகக் கேட்டு, "பேக்கிங்தானே? பழையதைக் கொண்டு வாருங்கள்" என்றார். சென்னையின் பட்டறைகளிலும் அதுவே பெயர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது! மறுநாள் மெக்கானிக்கைக் கொண்டு கழற்றிய பழைய வளையத்தைக் காட்டினோம். கம்பியில் கோத்துத் தொங்கிய வளையங்களுள் அளவொத்த ஒன்றைப் பெரியவர் எடுத்துத் தந்தார். இருவர் தேநீர் அருந்தும் செலவுதான்.

இரண்டு நிலையம் தள்ளியுள்ள குர்லாவில் பழைய உதிரிப்பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். எனினும் இவ்வளையத்தை மட்டும் புதிதாகவே வாங்குக. ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரிவர அடைக்காது. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் இடுக. வலிந்து திருகி, இயந்திரத்தில் பதிந்த ஸ்டட் முறிந்துவிட்டால் செலவு பன்மடங்காகும். இன்னொன்று: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. குறுந்தூரமே ஓடும் வண்டியில் குழாய் போதிய சூடேறாமல், அந்நீர் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளிலோ, புகையைத் தூய்மையாக்கும் கருவியும் உணர்கருவியும் சேர்ந்திருப்பதால், பொருத்தமறிந்து வாங்குதல் வேண்டும்.

வளையம் பொருந்திய மறுநாட் காலையில் வண்டியை வாயில்வரை தள்ளிச் சென்றே கிளப்பினோம். சன்னலில் மூதாட்டியார் தோன்றினார். கையை வீசினார், இம்முறை "தூர்" என்னவில்லை. "ஆஜி, வணக்கம்" என்றோம். ஒரு மாதம் முன்னரே, "என்ன சொல்கிறீர்கள், ஆஜி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அன்றோ?