நட்சத்திரத்தை அளந்தவர்கள்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம், இன்று நட்சத்திரங்களைப் பற்றி.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் படித்த எங்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை, வானம் இருந்தது. எண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் பாய் போட்டுப் படுப்போம். தை, மாசி இரவுகளில் செந்நிறத் திருவாதிரை தெரியும். அதற்குச் சற்றுத் தள்ளி நீல வெள்ளையாக ரைஜல். ஏன் இந்த நிற வித்தியாசம் என்று வகுப்பில் கேட்டோம். "சிவப்பு சூடு குறைந்தது, நீலம் சூடு கூடியது" என்றார் ரீச்சர். "போய்ப் பார்த்தது யார்?" என்றது கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்.

போகத் தேவையில்லை, வருகிற ஒளியே போதும். விரலை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், விரல் இடம் மாறுவதுபோலத் தெரியும். அப்படியே பூமி சூரியனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் ஆறு மாதத்தில் அருகிலுள்ள நட்சத்திரமும் துளி நகரும். அதிலிருந்து தூரம் கிடைக்கும். 1838இல் ஜேர்மனியரான பெசல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் தூரத்தை இப்படி அளந்தார். இன்றைய கணக்கில் அது 11 ஒளியாண்டுகளுக்குச் சற்று மேல். தூரம் தெரிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும். நிறம் வெப்பநிலையைச் சொல்லும்: சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ், திருவாதிரை 3,300 அளவில். இரண்டையும் சேர்த்தால் பருமன். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களிலிருந்து திணிவு.

ஆனால் நட்சத்திரம் எதனால் ஆனது?

ஹார்வார்ட் வான் ஆய்வகத்தில் அனி ஜம்ப் கனன் என்ற பெண், நிறமாலைகளிலுள்ள கருங்கோடுகளைப் பார்த்து இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களை வகைப்படுத்தினார். அவருக்குக் காது கேட்பது மிகக் குறைவு. 1923இல் அங்கே வந்து சேர்ந்தார் சிசிலியா பெய்ன். கேம்பிறிட்ஜில் படித்து முடித்தவர். பெண் என்பதால் பட்டம் கொடுக்கப்படவில்லை. கல்கத்தாவில் மேகநாத் சாகா வகுத்திருந்த சமன்பாட்டை அவர் அந்தக் கோடுகளோடு பொருத்தினார். கோடுகள் வேறுபடுவது பெரும்பாலும் வெப்பநிலையால்தான், பொருட்கள் ஏறத்தாழ ஒன்றே என்று கண்டார். கூடவே இன்னொன்று: ஐதரசன் உலோகங்களைவிட ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு.

சூரியனும் பூமி போன்ற பொருளால் ஆனதென்று நம்பிய காலம் அது. இது நடக்கவே முடியாதது என்றார் துறையின் பெரியவர் ஹென்றி நோறிஸ் ரசல். பெய்ன் 1925இல் தன் ஆய்வேட்டில், இந்த அளவு அநேகமாக உண்மையல்ல என்று தானே எழுதிவைத்தார். 1929இல் ரசல் வேறு வழியால் அதே முடிவுக்கு வந்தார்.

இதை வாசித்தபோது எங்களுக்கு ஓர் இரவு ஞாபகம் வந்தது. பயிற்சிக் காலம், நாங்கள் இருவர், இதே பாடசாலைப் பிள்ளைகள், கடமையில் இருந்தோம். டெங்கு வந்த ஒரு பிள்ளையின் இரத்தச் செறிவு ஏறிக்கொண்டிருந்தது. குருதி நாளங்களிலிருந்து நீர் கசிவதற்கான அறிகுறி அது. "ஆய்வுகூடப் பிழை" என்றார் மூத்தவர். நாங்களும் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் 'பிழையாக இருக்கலாம்' என்று எழுதினோம். இரண்டு மணித்தியாலம் வீணாகியது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தக் கையெழுத்து எங்களுடையது. அதை மூத்தவர் எழுதவில்லை.

பெய்னை 1956இல் ஹார்வார்ட் பேராசிரியராக்கியது. அந்த ஆய்வேட்டுக்கு 31 ஆண்டுகள் கழித்து!

மைதானத்தில் மாணவிகள் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். மண்டபத்து விளக்குகளைக் கொஞ்ச நேரம் அணைக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், திருவாதிரையைக் காட்டுகிறோம்.